முப்பத்தெட்டுத் தீக்குச்சிகள்

செக்டர் 4, ஆர்.கே.புரம்,
புது தில்லி
3-12-1978

அன்புள்ள இந்திராணிக்கு,

அம்சவேணி எழுதுவது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நீ போய் ஏழு மாதத்துக்கு மேல் ஆகிறது. போய்ச் சேர்ந்தாயா என்று நானும் கேட்கவில்லை, சேர்ந்தேன் என்று நீயும் எழுதவில்லை. சென்னை ஆபீஸில் நீ வேலையில் சேர்ந்த தேதி போட்ட காகிதம் என் மேஜைக்கு வந்தது. டெஸ்பாட்ச் செக்‌ஷனில் உட்கார்ந்திருப்பதில் அது ஒரு சௌகரியம், எல்லார் சமாசாரமும் என் வழியாகத்தான் போகிறது.

உன் ரஜாய்ப் பஞ்சுப் போர்வையை வெயிலில் போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். உன் கட்டில் அதே இடத்தில் இருக்கிறது. இஸ்திரி போட்ட துணியை அதன்மேல் வைக்கிறேன். உன்னோடு இடம் மாற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வந்த பாலசுப்ரமணியம் உன் நாற்காலியில்தான் உட்காருகிறார். அக்டோபரிலேயே குரங்குக் குல்லாய் போட்டாயிற்று. "மேடம், இந்தக் குளிர்ல மனுஷன் இருப்பானா?" என்று தினமும் என்னைக் கேட்கிறார். பதினோரு வருஷம் இந்தக் குவார்ட்டர்ஸில் நாம் இரண்டு பேரும் இருந்தோமே என்று சொல்ல வாய் வருகிறது. சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னும் சீட்டுப் போடுகிறேன். நம் ஆபீஸில் இருந்த ஆங்கிலோ இந்திய ஸ்டெனோ சொல்லிக் கொடுத்த அதே போக்கர். ஆளுக்கு ஏழு சீட்டு, நாலு திறந்து, மூன்று மூடி. உன் பங்கையும் நானே ஆடுகிறேன். உன் மூடிய சீட்டைப் பார்க்காவிட்டால் நீ எத்தனை தீக்குச்சி பந்தயம் கட்டுவாய் என்று தெரியவில்லை. பார்த்துவிட்டால் ஆட்டமே இல்லை. இரண்டு ரவுண்டில் அலுத்துப் போய் டீ போடப் போய்விடுகிறேன்.

ஒன்று கேட்கத்தான் எழுதினேன். ஏப்ரல் 16, ஞாயிறு. கடைசிச் சீட்டு, அந்த ஸ்டெனோ அம்மாள் 'ரிவர்' என்பாளே, அது விழுந்ததும் உன்னிடம் மிச்சமிருந்த முப்பத்தெட்டுத் தீக்குச்சியையும் நடுவில் தள்ளினாய். கையெழுத்துப் போடாத மாறுதல் ஃபாரத்தை அதன்மேல் வைத்தாய். "ஷோ கேளுங்கக்கா. நான் தோத்தா இதைக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கேயே இருந்துடறேன்" என்றாய். நான் குச்சி கட்டி ஷோ கேட்கவில்லை, ஆட்டத்தை விட்டுக்கொடுத்துச் சீட்டைக் கவிழ்த்தேன். நீ பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாய்.

உனக்குத் திறந்திருந்தது மூன்று ஆர்ட்டினும் ஸ்பேட் ஏஸும். மூடிய மூன்றில் இரண்டு ஆர்ட்டின் இருந்திருந்தால் ஐந்தும் ஒரே ஜாதி, உன்னைத் தொட முடியாது. இருந்ததா? இதை மட்டும் எழுது, போதும்.

அம்சவேணி


வில்லிவாக்கம், சென்னை
14-12-1978

அம்சாக்காவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு ஆபீஸ் போய் வந்தேன்.

குச்சி கட்டாதவளுக்குச் சீட்டைக் காட்டுவதில்லை. பதினோரு வருஷமாக இந்தச் சட்டத்தை என்னிடம் கறாராகச் சொன்னது யார்? ஒரு தடவை நான் கவிழ்த்துவிட்டு, "என்னக்கா வச்சிருந்தீங்க?" என்று கெஞ்சினதற்கு, "முப்பது குச்சி குடு, காட்டறேன்" என்று அந்தச் சீட்டைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு சமையலறைக்குப் போனவர் நீங்கள். எனக்கு மட்டும் வேறு சட்டமா?

இப்போது நான் கேட்கிறேன். நீங்கள் சீட்டைக் கவிழ்த்து நான் பார்த்ததே இல்லை. கையில் மூன்றாம் நம்பர் ஜோடி மட்டும் இருந்தாலும் ஷோ கேட்பீர்கள். அடுத்தவள் கையில் இருப்பதைப் பார்க்காவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது. தோற்று ராத்திரி பூரா புலம்பினாலும் மறுவாரம் மறுபடி கேட்பீர்கள். அப்படிப்பட்ட மனுஷிக்கு அந்த ஒரு நாள் மட்டும் ஏன் பார்க்கத் தோன்றவில்லை? ஸ்டேஷனுக்குக்கூட வரவில்லையே நீங்கள். பக்கத்து வீட்டு சர்தார்ஜிதான் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். தம்பி வடிவேல் புதுவீட்டில் எனக்குத் தனி அறை என்று சொல்லித்தான் கூப்பிட்டான். அந்த அறை இப்போது அவன் பெரிய பெண்ணுக்குப் படிக்க வேண்டியிருக்கிறது. என் கட்டில் ஹாலில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. யாரும் மனம் நோகப் பேசுவதில்லை. யாரும் என்னோடு பேசுவதே இல்லை என்பதால் நோகவும் வழியில்லை. தம்பி பெண்சாதி சீட்டுக்கட்டைப் பார்த்துவிட்டு, "அய்ய, ஆம்பளைங்க சமாசாரம், பிள்ளைங்க இருக்கிற வீட்ல வேணாம் அண்ணி" என்று பரண்மேல் போட்டுவிட்டாள்.

ரஜாயில் பூச்சி உருண்டை போட்டீர்களா?

இந்திராணி


புது தில்லி
26-12-1978

அன்புள்ள இந்திராணிக்கு,

உருண்டை போட்டிருக்கிறேன்.

ஸ்டேஷனுக்கு வராததற்கு அன்றைக்குத் தலைவலி. சொல்லியிருந்தேனே.

என் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஜோடி ராணி, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு மூன்று ஆர்ட்டினுக்கு எதிரே நிற்பது புத்திசாலித்தனம் இல்லை என்று கவிழ்த்தேன். மனுஷிக்குப் பதினோரு வருஷத்தில் ஒரு தடவையாவது புத்தி வரக் கூடாதா?

குளிர் அதிகம். மலை மந்திர் முருகன் கோயிலில் கார்த்திகைக் கூட்டம் தாங்கவில்லை என்று சொன்னார்கள், நான் போகவில்லை. தனியாகப் படியேறப் பிடிக்கவில்லை. பால் டோக்கனை ஒரு பாட்டிலாகக் குறைத்துக்கொண்டேன். ஹாலில் காற்று வருகிறதா? சுவர் ஓரமாகத் தலை வைத்துப் படுக்காதே, உனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அம்சவேணி


வில்லிவாக்கம்
2-2-1979

அம்சாக்காவுக்கு,

பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பவில்லை. கோபம் இல்லை, எழுத ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது.

உங்கள் பாலசுப்ரமணியம் எனக்கு ஒரு கவர் அனுப்பியிருக்கிறார். குளிர் தாங்கவில்லையாம், மாமியார் சமையல் கண்முன் வருகிறதாம். இப்படி இடம் மாற்றிக்கொண்டவர்கள் ஒரு வருஷத்துக்குள் இரண்டு பேரும் சம்மதித்தால் பழைய இடத்துக்கே திரும்பலாம் என்று விதி இருக்கிறது. அவர் பாகத்தில் கையெழுத்துப் போட்டு ஃபாரத்தை அனுப்பிவிட்டார். என் கையெழுத்து பாக்கி. வருஷம் முடிவதற்குள் ஆர்டர் போட நாள் வேண்டும் என்பதால் பிப்ரவரி 28 சாயங்காலத்துக்குள் இங்கே ஆபீஸில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு விதி கிடையாது, நான் ரிடையர் ஆகும்வரை சென்னைதான்.

எனக்கு என்ன ஆசை என்று எழுத மாட்டேன். எனக்கு எது நல்லது என்றும் நீங்கள் எழுத வேண்டாம், அதைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். 'வா' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும்தான் கேட்கிறேன்.

என்னிடம் இருப்பதையெல்லாம் தள்ளிவிட்டேன், அக்கா. இனி உங்கள் முறை.

இந்திராணி


புது தில்லி
9-2-1979

அன்புள்ள இந்திராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நிதானமாக யோசித்து எழுதுகிறேன்.

இங்கே வந்தால் உனக்குப் பழகின ஆபீஸ், பழகின வீடு. ஆனால் உன் மூட்டு வலிக்குத் தில்லிக் குளிர் ஆகாது. அங்கே தம்பி குடும்பம் என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நாளைக்கு உடம்புக்கு ஒன்று என்றால் சொந்தம்தான் நிற்கும், கூட இருந்தவள் எவ்வளவு நாள் நிற்பாள்? எனக்கும் வயது நாற்பத்தைந்து. அதே சமயம், ஹாலில் படுத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். எல்லாவற்றையும் எடைபோட்டு உன் சௌகரியம் போல முடிவு செய். எந்த முடிவானாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அம்சவேணி


வில்லிவாக்கம்
15-2-1979

அக்கா,

ஆட்சேபம் இல்லையாம். ஃபைலில் எழுதுவதை எனக்கு எழுதுகிறீர்கள்.

போன வருஷமும் இதைத்தான் செய்தீர்கள். மாறுதல் விண்ணப்பத்தை நான் கொண்டுவந்து உங்கள் முன்னால் ஒரு வாரம் மேஜையில் போட்டு வைத்தேன். ஏன் போட்டு வைத்தேன்? "எதுக்குடி இது?" என்று நீங்கள் ஒரு சத்தம் போடுவீர்கள் என்றுதான். நீங்கள் அதில் எழுத்துப்பிழை திருத்தி, கார்பன் வைத்து, மூன்று காப்பி டைப் அடித்துக் கொடுத்தீர்கள்.

இரண்டாவது தடவையும் கவிழ்த்துவிட்டீர்கள். இனி இதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

இந்திராணி


புது தில்லி
20-2-1979
ரிஜிஸ்டர் தபால், ஒப்புதல் அட்டையுடன்

இந்திரா,

இதை ரிஜிஸ்டரில் அனுப்புகிறேன். பெறுநரிடம் மட்டுமே கொடுக்கவும் என்று சிவப்பு மசியில் எழுதியிருக்கிறேன். சாதாக் கவர் தொலைந்து போகும், உன் தம்பி வீட்டில் யாராவது பிரிப்பார்கள். தந்தி அடிக்கலாம் என்று தபால் ஆபீஸ் வரை போனேன். தந்திக்காரனைப் பார்த்ததும் உன் வீட்டில் சாவு விழுந்தது போல அலறுவார்கள் என்று திரும்பிவிட்டேன். இருபது வருஷமாக முக்கியமான காகிதம் எதையும் நான் ரிஜிஸ்டரில் தவிர அனுப்பினதில்லை.

உன்னிடம் பொய் சொன்னேன். என் கையில் இருந்தது ஜோடி ராணி இல்லை, மூன்று ராணி. ஒன்று திறந்திருந்தது, நீயும் பார்த்தாய். இரண்டு மூடியிருந்தன. அதில் ஒன்று ஆர்ட்டின் ராணி. திறந்ததில் இன்னும் இரண்டு ஆர்ட்டின் என்னிடம் இருந்தன. மொத்தம் பதின்மூன்று ஆர்ட்டினில் மூன்று என்னிடமே இருக்க, உன் மூடிய சீட்டில் இரண்டு இருக்க எவ்வளவு வாய்ப்பு? ரொம்பக் குறைவு. நடுவில் நாற்பது குச்சி இருந்தது, நீ முப்பத்தெட்டு தள்ளினாய். மூன்றில் ஒரு தடவை என் கணிப்பு சரியாக இருந்தால்கூட ஷோ கேட்பது எனக்கு லாபம். இதெல்லாம் அரை நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கும் மேலே ஒன்று. கையில் நிஜமாகவே சீட்டு இருந்தால் நீ குச்சிகளை அள்ளி அப்படியே நடுவில் கொட்டுவாய், கீழே விழுந்ததைக்கூட எடுக்க மாட்டாய். பொய்யாகக் கட்டும்போது மருந்துத் தலையெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கித் தள்ளுவாய். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை, சொன்னால் மாற்றிக்கொள்வாயே. அன்றைக்கு முப்பத்தெட்டுத் தலையும் என்னைப் பார்த்து இருந்தன.

உன் கையில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், இந்திரா. தெரிந்துதான் கவிழ்த்தேன்.

ஏன் என்று கேட்பாய். கையில் ஒன்றும் இல்லாமல் ஒருத்தி இத்தனை குச்சியைத் தள்ளினால், எதிரில் இருப்பவளைத் துரத்தத்தான் தள்ளுவாள். ஆட்டத்தில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. நீ போக ஆசைப்படுகிறாய், சொல்ல வாய் வராமல் என்னைக் கவிழ்க்கச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஷோ கேட்டு, மூன்று ராணியைக் காட்டி, நீ ஃபாரத்தைக் கிழித்துவிட்டு இங்கேயே இருந்திருந்தால்? சீட்டாட்டத்தில் ஜெயித்து ஒரு மனுஷியை வீட்டில் வைத்துக்கொண்ட மாதிரி ஆகும். ஒவ்வொரு நாளும் உன் முகத்தைப் பார்த்து, இவள் பந்தயத்துக்காக இருக்கிறாளா, பிரியத்துக்காக இருக்கிறாளா என்று யோசித்துச் செத்திருப்பேன்.

நான் எதையும் கவிழ்க்க மாட்டேன் என்று நம்பித்தான் நீ தள்ளினாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. உன்னைப் பற்றி எல்லாம் தெரியும் என்று இருந்தேன். என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று யோசிக்கவே இல்லை.

ஸ்டேஷனுக்கு வராததற்குத் தலைவலி காரணம் இல்லை. வந்தால் அழுதிருப்பேன்.

இந்த வீட்டில் யாரும் இல்லை. பால்காரனுக்கும் ஆபீஸுக்கும் தவிர என் குரல் யாருக்கும் கேட்பதில்லை. சில நாள் சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு, "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்கிறேன். பிறகு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஷோ கேட்கிறேன். வா. உன் மூட்டு வலியோடு வா. எனக்கு நீ வேண்டும். ஃபாரத்தில் கையெழுத்துப் போடு.

அம்சா


வில்லிவாக்கம்
4-3-1979

அக்கா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது.

தபால்காரர் 24, 26, 27 மூன்று நாளும் வந்திருக்கிறார். பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் நான் எங்கே இருப்பேன்? உங்களைப் போல ஆபீஸில்தான் இருப்பேன். தம்பி பெண்சாதி, "நான் வாங்கிக்கிறேன், குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். சிவப்பு மசியைக் காட்டி முடியாது என்றுவிட்டாராம். தபால் ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவள் அதைக் காலண்டர் ஆணியில் குத்திவிட்டு மறந்துபோனாள். வெள்ளிக்கிழமை தேதி கிழிக்கப் போனபோது பார்த்தேன். நேற்று பர்மிஷன் போட்டுவிட்டுப் போய் வாங்கினேன்.

சாதாக் கவரில் போட்டிருந்தால் 24-ஆம் தேதி கதவிடுக்கில் கிடந்திருக்கும்.

28-ஆம் தேதி ஃபாரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் தபால் வந்ததா என்று கேட்டேன், "ஒண்ணும் வரல அண்ணி" என்றாள். அவள் சொன்னது சாதாத் தபாலை. மத்தியானம் சாப்பிடவில்லை. நாலரை மணிக்குப் பேனாவைத் திறந்தேன். நீங்கள் எழுதவில்லை, வேண்டாம் என்று சொல்லக்கூட மனசில்லாமல் இருக்கிறீர்கள், கூப்பிடாத வீட்டுக்குப் போய் மறுபடி அந்தக் கட்டிலில் எப்படிப் படுப்பது என்று யோசித்தேன். ஐந்து மணி அடித்தது. பேனாவை மூடினேன். ஃபாரத்தைக் கிழித்து அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டேன்.

நீ ஏன் அக்கா அதை ரிஜிஸ்டர் பண்ணினாய்? ஒரு வார்த்தைதானே. ஒரு வருஷத்தில் எனக்கு நீ எழுதின ஒரே கடிதம் அது. மற்றதெல்லாம் ஆபீஸ் காகிதம். அதைப் போய் நான் தொட முடியாத இடத்தில் பூட்டி அனுப்பினாயே.

நீ என்று எழுதிவிட்டேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

குச்சி கட்டிவிட்டாய், அதனால் காட்ட வேண்டும். மூடியதில் ஒரு ஆர்ட்டின்தான் இருந்தது. மொத்தம் நாலு. ஐந்தாவதுக்குத்தான் ரிவர் வரை காத்திருந்தேன், வந்தது கிளாவர் ஆறு. உன் கணிப்பு சரி. ஒன்றும் இல்லாமல்தான் தள்ளினேன். நீ ஷோ கேட்பாய், நான் தோற்பேன், ஃபாரத்தைக் கிழிப்பேன், நீ வழக்கம் போல ஒரு மணி நேரம் என்னைக் கேலி பண்ணுவாய் என்று இருந்தேன். தோற்கத்தான் ஆடினேன்.

பாலசுப்ரமணியத்திடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

இந்திராணி


(தபால் அட்டை)
புது தில்லி
9-3-1979

இந்திரா,

அட்டையில்தான் எழுதுகிறேன். உன் தம்பி படிக்கட்டும், பெண்சாதி படிக்கட்டும், தபால்காரரும் படிக்கட்டும்.

பாலசுப்ரமணியம் என்னோடு பேசுவதில்லை. அது நியாயம்தான்.

ஒரு தடவை மாறுதல் வாங்கின நீ இங்கே வர இனி விதி இல்லை. இதுவரை கேட்காத நான் அங்கே வர விதி இருக்கிறது. சொந்த விருப்பத்தில் மாறுதல் கேட்டால் கொடுப்பார்கள், இருபது வருஷ சீனியாரிட்டி போய்விடும், நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்கும் கீழே என் பெயரைப் போடுவார்கள். ஜூனில் வர வேண்டிய பிரமோஷன் கிடையாது. இந்தக் குவார்ட்டர்ஸையும் விட வேண்டும். இதையெல்லாம் செக்‌ஷன் ஆபீசர் எனக்கு அரை மணி நேரம் எடுத்துச் சொன்னார். எல்லாம் தெரிந்தே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். டைப் அடிக்கவில்லை, கையாலேயே எழுதினேன்.

ஆர்டர் வர ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகும், வராமலும் போகலாம். அதுவரை உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. முப்பது நாள் லீவு போட்டிருக்கிறேன். 17-ஆம் தேதி ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், 19 காலை சென்ட்ரல். உன் தம்பி வீட்டில் எனக்கு இடம் வேண்டாம், நாம் இரண்டு பேரும் இருக்க ஒரு வீடு பார்க்கலாம். ஒரு அறையானாலும் போதும்.

வா என்று சொல்ல எனக்குப் பத்து மாதம் ஆனது, அதுவும் உனக்கு நேரத்தில் வந்து சேரவில்லை. அதனால் இந்தத் தடவை உன்னை ஒன்றும் கேட்கவில்லை, நான் வருகிறேன்.

ஸ்டேஷனுக்கு வா. உனக்கு மனசு வராவிட்டால் பரவாயில்லை, வில்லிவாக்கத்துக்கு வழி கேட்டுக்கொண்டு நானே வந்து கதவைத் தட்டுகிறேன்.

அம்சா